சேலைக்குள் வந்த கிளை

மே 3

லண்டன் கிளை முதல்முறையாக மொட்டு விட்டிருக்கிறது. முப்பத்தேழு கொத்து. இரண்டு தரம் எண்ணினேன்.

தோட்டத்தில் மற்ற மரங்கள் பூத்து முடிந்து, இதழ் உதிர்ந்து, புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. பிழியும் கொட்டிலுக்குப் பக்கத்து மரத்தில் நான் ஒட்டிய இந்த நாலு கிளைகள் மட்டும் பிந்திப் பூக்கின்றன. அந்த இனம் அப்படித்தான் என்று லண்டனில் ஒட்டுத்தடி தந்தவர் சொன்னார். பழத்தை வாயில் வைக்க முடியாதாம். கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்குமாம். அந்தத் துவர்ப்புக்காகத்தான் மூன்று வருடமாகக் காத்திருக்கிறேன்.

சுவிஸில் இந்தப் பக்கத்தில் அப்பிளைப் பிழிந்து நொதிக்க வைப்பதை மொஸ்ட் என்பார்கள். லண்டன்காரர் சைடர் என்பார்கள். நான் போத்தலில் சைடர் என்றுதான் ஒட்டுகிறேன். ஏழு வருடத்துக்கு முன் ஒரு போட்டிக்குக் கொண்டுபோனேன். ருசி பார்த்த நடுவர் ஒரு வாய் குடித்து, துப்பி, "சுத்தமா இருக்கு. ஆனா இதுக்குள்ள எலும்பில்லை" என்றார். அவர் அடுத்த போத்தலுக்குப் போய்விட்டார். நான் இன்னும் அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்கிறேன்.

மனைவி சுகிர்தா வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. மொட்டைப் பற்றிச் சொன்னேன்.

"போன வருசம் அதில ஒரு தடி வாடினதெல்லோ?" என்றாள்.

"அது காத்துக்கு முறிஞ்சது."

"ஓ" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மே 9

இருபத்தைந்து பாகை. பின்னேரம் இடி, பத்து நிமிட மழை, பிறகு மறுபடி வெயில். உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. கொழும்பு மாதிரி.

விவசாய அலுவலகத்திலிருந்து கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்தது. இந்த வெக்கையும் ஈரமும் பூவில் நோய் தொற்றுகிற நாட்களாம். மரங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அனுப்புவார்கள்.

மே 12

நாலு கிளையும் முழுக்கப் பூத்துவிட்டன. இளஞ்சிவப்பு. வேறு எங்கும் பூ இல்லாததால் ஊர்த் தேனீயெல்லாம் அதில்தான்.

வெரேனா இறங்கி வந்து பார்த்தார். இந்தத் தோட்டம் அவருடையது. ஒன்பது வருடமாக நான் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறேன். மேலே தெரியும் பச்சை யன்னல் வீடு அவருடையது. தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது, தனியாக இருக்கிறார். கீழ் வேலியோரம் பதினாலு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். அவர் பேசுவது இந்த ஊர் ஜேர்மன். இருபது வருடம் கேட்டுக் கேட்டு அது எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது. விழுகிறபடியே எழுதுகிறேன்.

"என்ர ஆக்கள் எல்லாரும் இஞ்சதான் நிக்கினம்" என்று சிரித்தார். "உது எங்க எடுத்த இனம் குணா?"

"ஒரு சிநேகிதன் தந்தது."

அதில் பொய் இல்லை. தந்தவர் சிநேகிதர்தான்.

மே 22

லண்டன் கிளையில் மூன்று கொத்து மண்ணிறமாகிவிட்டது. பனி அடித்திருக்கிறது. வெட்டி எடுத்தேன். கத்தரியைக் கழுவினேன்.

மே 23

பழைய குறிப்பைப் பார்த்தேன். ஏப்ரல் பதினெட்டுக்குப் பிறகு பனியே இல்லை.

மே 25

ஒன்பது கொத்து. இளம் தளிர்கள் நுனியில் வளைந்து கைத்தடி மாதிரி தொங்குகின்றன. இலைகள் கறுத்து, ஆனால் உதிரவில்லை. ஒரு காம்பில் தேன் துளி போல ஒன்று. தொட்டேன். தேனில்லை.

இதற்கு இங்கே ஃபொயர்பிரான்ட் என்று பெயர். நெருப்பு எரித்தது போல மரத்தைக் கருக்குகிற நோய். மழைத்துளியில் போகும், காற்றில் போகும், பூவிலிருந்து பூவுக்குத் தேனீயின் காலில் போகும். மருந்து இல்லை. கண்டால் அன்றைக்கே அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவித்தால் வருவார்கள். வந்தால் மரத்தைப் பார்த்து, இது என்ன இனம், எங்கே வாங்கினாய், கடதாசி எங்கே என்று கேட்பார்கள்.

தொலைபேசி இலக்கத்தை எழுதி மேசையில் வைத்தேன். பிறகு புல் வெட்டப் போனேன். கீழ்ப்பக்கம் முழுவதும் வெட்டி முடித்தேன்.

மே 28, ஞாயிறு

வெரேனா தேவாலயத்துக்குப் போன பிறகு நாலு கிளையையும் அடியோடு அறுத்தேன். கொட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கும் அடுப்பில் போட்டு எரித்தேன். பச்சை மரம், நேரமெடுத்தது. வெட்டுவாயில் மெழுகு பூசினேன்.

சுகிர்தா சமையலறை யன்னலில் நின்றாள். மத்தியானம் சோறு போடும்போது ஒன்றும் கேட்கவில்லை. புடலங்காய்க் கறி.

இனிப் பயமில்லை.

ஜூன் 1

ஊர்ஸின் தோட்டத்தில் நோய் கண்டிருக்கிறது. எங்கள் வேலிக்கு அடுத்தது அவருடையது. ஆறு ஹெக்டேயர், கம்பியில் கட்டி வரிசையாக வளர்க்கும் குட்டை மரங்கள். அவரே அலுவலகத்துக்கு அறிவித்திருக்கிறார். அன்றைக்கே.

ஜூன் 5

அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மகளின் வயதுதான் இருக்கும். வெள்ளை மேலங்கி, சப்பாத்துக்கு மேல் பிளாஸ்டிக் உறை. மரம் மரமாக நின்று பார்த்தாள். கழுத்து வலிக்குமளவு நிமிர்ந்து பார்த்தாள். நோய் கண்ட மரத்தில் சிவப்பு நிறம் அடித்தாள். ஒன்று, மூன்று, ஆறு. ஒவ்வொரு தரமும் அந்த நிறத் தகரம் சீறுகிற சத்தத்தை எண்ணினேன். பதினெட்டு.

கொட்டில் மரத்துக்கு வந்தாள். வெட்டுவாயைக் கையால் தடவினாள்.

"புதுசா அறுத்திருக்கு?"

"காத்துக்கு முறிஞ்சது" என்றேன். என் ஜேர்மன் அவ்வளவு சரளமாக ஒருநாளும் வந்ததில்லை.

எழுதிக்கொண்டாள். அந்த மரத்துக்கும் சிவப்பு அடித்தாள், பத்தொன்பதாவது. மறுபக்கத்துக் கிளையிலும் நோய் இருந்தது.

ஜூன் 9

பாடசாலை மண்டபத்தில் கூட்டம். முப்பது பேர் வரை. ஊர்ஸ் எழும்பிப் பேசினார். அவருக்கு ஆயிரத்துக்கு மேல் குட்டை மரங்கள் பிடுங்க வேண்டும். சத்தம் போடவில்லை. அவர் கை கதிரையின் முதுகைப் பிடித்திருந்த விதத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மார்ச் கடைசியில நாலு தேனீப் பெட்டி இந்த ஊருக்கு வந்தது" என்றார். "எங்கையிருந்து வந்தது எண்டு கேக்கவேண்டிய ஆளிட்டைக் கேளுங்கோ."

எல்லாரும் வெரேனாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். தன் தங்கை வீட்டிலிருந்து கொண்டுவந்தவை என்றும், இந்த நோய்க்காகப் பெட்டி நகர்த்தத் தடை ஏப்ரல் முதலாம் தேதியிலிருந்துதான், தான் கொண்டுவந்தது மார்ச் இருபத்தொன்பது என்றும் சொன்னார். குரல் கடைசிச் சொல்லில் மெலிந்துவிட்டது.

"மூண்டு நாள்" என்றார் யாரோ பின்னால்.

நான் நடு வரிசையில் இருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10

காலையில் வெரேனா கொட்டிலுக்கு வந்தார். இரவு படுக்கவில்லை என்று முகம் சொன்னது.

"குணா, உம்மட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"எதுக்கு?"

"தங்கச்சியின்ர ஊரிலையும் போன வருசம் இரண்டு மரத்தில இருந்ததாம். நேற்றைக்குத்தான் எனக்குச் சொன்னவ. நான் சட்டத்தைப் பாத்தனான், தேதியைப் பாத்தனான். மரத்தைப் பாக்கேல்லை. ஒன்பது வருசமா நீர் பாத்த மரங்கள்."

அவர் அழுவதை நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி கழற்றினார்.

நான் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். "ஒருத்தற்றை பிழையுமில்லை" என்றேன். "இது கிருமி. எப்பிடியும் வரும்."

அவர் என் கையைப் பிடித்து, "நீர் நல்ல மனுசன்" என்றார்.

இதை எழுதாமல் விட நினைத்தேன்.

ஜூன் 20

இரண்டு நாட்களாக மரம் தறிக்கிறோம். அலுவலகம் அனுப்பிய இரண்டு பேர் வாள் பிடிக்கிறார்கள். நான் இழுத்துக் குவிக்கிறேன். பத்தொன்பதில் ஏழு மரங்கள் அறுபது வயதுக்கு மேல். காய் பிடித்திருந்தன, நெல்லிக்காய் அளவில். குவியலுக்குத் தீ வைத்தபோது காய்கள் வெடித்தன.

வெரேனாவும் கையுறை போட்டுக்கொண்டு வந்து கிளை இழுத்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

ஊர்ஸின் பக்கம் பெரிய இயந்திரம். வரிசை வரிசையாக வேரோடு பிடுங்குகிறது.

ஜூலை 2

வெரேனா தேனீயை விற்றுவிட்டார். பதினாலு பெட்டியும். தெற்கே மலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வாகனம் கொண்டுவந்தார். யாரும் அவரை விற்கச் சொல்லவில்லை. தபால்பெட்டியில் பெயரில்லாத கடதாசி இரண்டு வந்ததாகச் சுகிர்தா கடையில் கேள்விப்பட்டாள்.

வாகனத்தில் ஏற்றும்போது நான் நிலவறையில் பீப்பா கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே கழுவிய பீப்பா.

ஜூலை 16

சுகிர்தா இப்போது மேல் வீட்டுப் பாதையால் போவதில்லை. பஸ்ஸுக்குச் சுற்றிப் போகிறாள்.

ஓகஸ்ட் 1

சுவிஸின் தேசிய நாள். ஒவ்வொரு வருடமும் ஊர்க் குன்றில் பெரிய தீ மூட்டுவார்கள். இந்த வருடம் மூட்டவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஓகஸ்ட் 17

இன்றைக்குச் சரியாக ஒரு வருடம்.

எழுதிவிடுகிறேன். போன வருடம் இதே நாள் பின்னேரம் லண்டன் கிளையில் ஒரு தளிர் வளைந்து கறுத்திருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் படம் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தளிரை வெட்டி வேலியோரக் குப்பையில் எறிந்தேன். அதே கத்தரியால்தான் மாரியில் எல்லா மரத்தையும் கவ்வாத்துப் பண்ணினேன். அன்றைக்கு இந்தப் புத்தகத்தில் "வெயில். புல் வெட்டினேன்" என்று எழுதியிருக்கிறது. புரட்டிப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறது.

காற்றுக்கு ஒன்றும் முறியவில்லை.

தேனீயும் காரணமாக இருக்கலாம். தங்கையின் ஊரிலும் இருந்ததல்லவா. யாரால் நிச்சயமாகச் சொல்ல முடியும்?

செப்டெம்பர் 12

பழம் பொறுக்கத் தொடங்கிவிட்டோம். மிஞ்சிய மரங்களில் நல்ல காய்ப்பு.

காலை ஏழு மணிக்கு வெரேனா கூடையோடு வந்து நின்றார். "ஒவ்வொரு நாளும் வாறன்" என்றார். "சம்பளம் எண்டு ஏதும் கதைச்சீரெண்டா கோவம் வரும். நான் கெடுத்ததுக்கு என்னால ஏலுமானது."

முழங்கால் வருத்தம் உள்ளவர். புல்லில் முழங்காலிட்டு, விழுந்த பழத்தில் நல்லதையும் அழுகலையும் பிரிக்கிறார். வேகமாகவும் இல்லை, ஓய்வதும் இல்லை. மத்தியானம் பாணும் சீஸும் கொண்டுவந்து கொட்டில் வாசலில் இருந்து சாப்பிட்டார். எனக்கும் நீட்டினார். வாங்கினேன்.

செப்டெம்பர் 19

எட்டாவது நாள். வந்தார்.

செப்டெம்பர் 24

வந்தார். மழைக்கோட்டோடு.

செப்டெம்பர் 30

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சுகிர்தா கோப்பையைக் கழுவாமல் வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அந்த மனுசி இண்டைக்கு முழங்காலுக்குத் துணி சுத்திக்கொண்டு நிக்குது. கண்டனீங்களோ?"

"வேண்டாமெண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

"வேண்டாமெண்டு சொன்னனீங்கள். ஏன் வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?"

மேசையில் கிடந்த சோற்றுப் பருக்கையை விரலால் ஒதுக்கினேன்.

"அந்தத் தடியளை என்ர சேலைக்குள்ள சுத்தினது ஆர்? நான். லண்டனில மருமகளின்ர கலியாணத்துக்கு உடுத்த சேலை. ஈரத்துவாய்க்கு மேல சேலை, சேலைக்கு மேல பலகாரப் பெட்டி. எயார்போட்டில சுங்கத்துப் பொடியன் சூட்கேசைத் துறந்து முறுக்கைப் பாத்திட்டுச் சிரிச்சவன். நீங்களும் சிரிச்சனீங்கள். எனக்கு அண்டைக்கே நெஞ்சு படபட எண்டு அடிச்சது."

"அதாலதான் வந்தது எண்டு ஆர் கண்டது சுகிர்தா? ஊர்ஸ் சொல்லுற மாதிரி..."

"போன வருசம் வாடினதை நானும் கண்டனான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எரிச்சதையும் கண்டனான். நாலு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், இண்டைக்குச் சொல்லுவார் நாளைக்குச் சொல்லுவார் எண்டு."

"தோட்டம் போயிடும்."

"போகட்டும்."

"எங்களை இந்த ஊரில என்னெண்டு பாப்பினம்?"

"இப்ப அந்த மனுசியை என்னெண்டு பாக்கினம்?"

எழுந்து கோப்பைகளை எடுத்தாள். கழுவும் தொட்டியடியில் நின்று, திரும்பாமல் சொன்னாள்: "பிழியத் தொடங்கிறதுக்குள்ள சொல்லுங்கோ. இல்லாட்டி நான் போய்ச் சொல்லுறன். என்ர ஜேர்மன் அதுக்குக் காணும்."

ஒக்டோபர் 3

சொல்லவில்லை. நாளைக்குப் பிழிகிறோம்.

ஒக்டோபர் 4

முதல் பிழிவு. காலையிலேயே சுகிர்தா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் நின்றாள். யன்னலில் அவள் தலை தெரிந்தது. கையில் கோட்.

வெரேனா அரைக்கும் இயந்திரத்தில் பழம் கொட்டினார். நான் கூழைத் துணியில் மடித்து அடுக்கினேன். ஒன்பது அடுக்கு. அழுத்தத் தொடங்கியதும் சாறு தகரத் தட்டில் விழுந்தது. மண்ணிறத் தேநீர் போல. அவர் ஒரு குவளையில் பிடித்து எனக்கு நீட்டினார், வழக்கம் போல முதல் குவளை எனக்கு.

"இயந்திரத்தை நிப்பாட்டுங்கோ" என்றேன்.

"என்ன, கல்லோ?"

"நிப்பாட்டுங்கோ வெரேனா."

நிறுத்தினார். சத்தம் அடங்கிய பிறகு சாறு சொட்டுவது மட்டும் கேட்டது. எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நடுவில் தொடங்கினேன். கொட்டில் மரத்து வெட்டுவாய் காற்றால் வந்ததில்லை என்றேன். பிறகு லண்டன். பிறகு சூட்கேஸ். பிறகு வளைந்த தளிர், கத்தரி, அடுப்பு. சில சொற்களுக்கு ஜேர்மன் வரவில்லை. கையால் காட்டினேன். அவர் ஒன்றுக்கும் உதவி செய்யவில்லை. வழக்கமாக நான் சொல் தேடினால் எடுத்துத் தருகிறவர்.

முடித்தேன். குவளை இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"முதல்முதல் எப்ப கண்டனீர்?"

"போன வருசம் ஓகஸ்ட் பதினேழு."

"தேதி தெரியுமோ உமக்கு?"

"ஓம்."

"எழுதி வச்சனீரோ?"

"இல்லை. எழுதேல்லை. அதாலதான் மறக்கேல்லை."

அவர் குவளையைத் தட்டின் விளிம்பில் வைத்தார். கையுறைகளைக் கழற்றினார். ஒன்றை மற்றதுக்குள் போட்டு மடித்தார்.

"ஜூன் பத்தாம் தேதி நான் இதே இடத்தில நிண்டு உம்மட்டை மன்னிப்புக் கேட்டனான்."

"ஓம்."

"நீர் கோப்பி ஊத்தித் தந்தனீர்."

"ஓம்."

"சீனி போட்டுத் தந்தனீர், குணா."

குழாயடியில் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார். மேட்டுப் பாதையால் ஏறிப் போனார். இரண்டு இடத்தில் நின்று முழங்காலைப் பிடித்தார். நான் போய்க் கை கொடுக்கவில்லை. அந்த உரிமை இல்லை.

மிச்சக் கூழைத் தனியாகப் பிழிந்தேன்.

ஒக்டோபர் 5

வரவில்லை.

ஒக்டோபர் 6

வரவில்லை. பழம் குவிந்து கிடக்கிறது. சுகிர்தா வேலை முடிந்து வந்து இருட்டும்வரை என்னோடு அரைத்தாள். பேசினோம். சோற்றுக்கு என்ன கறி என்பதைப் பற்றி. மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் பக்கத்தில் நிற்பது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலும் வெட்கமாக இருந்தது.

ஒக்டோபர் 9

வெரேனா வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று பேசினார்.

"எனக்குச் சொன்னது காணாது. ஊர்ஸுக்குச் சொல்லும். அலுவலகத்துக்குச் சொல்லும். எந்த மண்டபத்தில என்னை எழுப்பி நிப்பாட்டிச்சினமோ அந்த மண்டபத்தில சொல்லும்."

"சொல்லுறன்."

"நான் வேணுமெண்டா உம்மை வீட்டுக்குள்ள வச்சுக் கோவிச்சிட்டு விட்டிருக்கலாம். ஊரெல்லாம் தெரியவேண்டாம் எண்டு யோசிச்சனான், உமக்காக. நாலு நாள் யோசிச்சனான். பிறகு நினைச்சன், எனக்காக ஆர் யோசிச்சது?"

ஒக்டோபர் 11

அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அதே பெண். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சுச் சத்தம் கேட்டது. சட்டப்படி நடவடிக்கை வரும், கடிதம் வரும் என்றாள். திட்டவில்லை.

"என்ர கிளையாலதானோ வந்தது?" என்று கேட்டேன்.

"இனி அதை ஒருத்தராலும் சொல்ல ஏலாது. நீங்கள் எரிச்சிட்டியள். எரிக்காமல் தந்திருந்தா சோதிச்சிருக்கலாம்." தட்டச்சை நிறுத்திச் சொன்னாள்: "எங்கையிருந்து வந்ததெண்டது எனக்குப் பெரிசில்லை. போன வருசம் ஓகஸ்டில ஒரு ஃபோன் எடுத்திருந்தா ஒரு மரத்தோட முடிஞ்சிருக்கலாம்."

தொலைபேசியை வைத்த பிறகும் அந்த வாக்கியம் காதிலேயே இருந்தது. ஒரு மரம்.

ஒக்டோபர் 13

ஊர்ஸின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கதவை மூடினார். அடித்து மூடவில்லை. மெதுவாக, பூட்டு விழுகிற சத்தம் கேட்கும்படி.

ஒக்டோபர் 20

மண்டபம். ஜூனில் வந்தவர்களை விடக் கூட்டம் அதிகம். செய்தி முன்னரே பரவிவிட்டது. சுகிர்தா கூட வந்தாள். வரவேண்டாம் என்றேன். "சேலை என்ரதெல்லோ" என்றாள்.

தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் எழுத்து மிதந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். அனுமதி இல்லாமல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுத்தடி கொண்டுவந்தேன். நோயைக் கண்டேன். மறைத்தேன். "வெரேனாவின்ர தேனீயைக் குற்றம் சொன்னபோது நான் இந்த மண்டபத்திலதான் இருந்தனான்."

"எப்ப கண்டனீர்?" என்று ஒருவர் கேட்டார்.

"போன வருசக் கோடையில..."

"ஓகஸ்ட் பதினேழு."

பின் வரிசையிலிருந்து வெரேனாவின் குரல். எல்லாரும் திரும்பினார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேரே மேடையைப் பார்த்துச் சொன்னார். "கோடை எண்டால் மூண்டு மாசம். என்னட்டைக் கேட்டபோது நான் தேதி சொன்னனான். அவரும் சொல்லட்டும்."

"ஓகஸ்ட் பதினேழு" என்றேன்.

ஊர்ஸ் எழுந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று மண்டபம் அமைதியானது. அவர் என்னிடம் வரவில்லை. பின் வரிசைக்குப் போய், வெரேனாவுக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றினார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் நீண்ட நேரம் பேசினார். வெரேனா ஒருமுறை தலையாட்டினார். அந்தப் பெயரில்லாத கடதாசிகளைப் போட்டவர்களும் அங்கேதான் இருந்திருப்பார்கள். அவர்கள் எழவில்லை.

வெளியே வரும்போது எங்களோடு யாரும் பேசவில்லை. ஆனால் வழி விட்டார்கள். சுகிர்தா என் கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

தேனீ வாங்கிய மனிதரிடம் வெரேனா திருப்பிக் கேட்டாராம். அவர் ஏற்கனவே பிரித்து விற்றுவிட்டாராம்.

ஒக்டோபர் 21

இன்று ஏழரைக்கு வெரேனா வந்தார். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். வாசற்படி தாண்டி உள்ளே வந்து, ஆணியில் மாட்டியிருந்த ஏப்ரனை எடுத்துக் கட்டினார்.

"பழம் அழுகுது" என்றார். "அதாலதான்."

நாள் முழுவதும் பிழிந்தோம். கடைசி இனங்கள் எல்லாம். வேலைக்கு வேண்டியது மட்டும் பேசினார். அழுத்தம் கூட்டும். குறையும். துணி கிழிஞ்சிருக்கு. நானும் அளவாகப் பதில் சொன்னேன். சக்கையை வண்டியில் ஏற்றினோம். நாலு மணிக்கு முடிந்தது.

நிலவறையில் இந்த வருடம் எட்டுப் பீப்பா. மற்ற வருடங்களில் பன்னிரண்டு. முதல் நிரப்பிய மூன்றும் ஏற்கனவே நுரைத்துக்கொண்டிருந்தன. மேலே மாட்டிய குழாய்களில் குமிழி ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தது. அவர் படியில் இறங்கி வந்து வரிசையைப் பார்த்தார்.

"நான் இருபத்திமூண்டு நாள் வேலை செய்தனான்" என்றார். "செப்டெம்பர் பன்னிரண்டிலயிருந்து. உமக்கு ஏதோ கடன்பட்ட ஆள் மாதிரி. எனக்கு உம்மட்டை ஒரு கடனும் இருக்கேல்லை."

"இல்லை."

"அப்ப அது கூலி வேலை. இதில பாதி என்ர."

"ஓம்."

"குத்தகையைப் பற்றி மார்ச்சில கதைப்பம். என்ன சொல்லுவன் எண்டு எனக்கே தெரியாது. இப்ப கேக்கவேண்டாம்."

"கேக்கேல்லை."

அலுமாரியில் பீப்பாவில் குறிக்கும் சோக்கட்டி இருந்தது. எடுத்து, தரையோடு குனிந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் பீப்பாவில் தன் பெயரை எழுதினார். பெரிய எழுத்தில், தபால் கந்தோரில் முகவரி எழுதுகிறவரின் தெளிவான கையெழுத்தில். இரண்டாவதில் எழுதினார். மூன்றாவதில் எழுதினார்.

நாலாவதில் பாதியில் சோக்கட்டி உடைந்து, துண்டு பீப்பாக்களுக்கு அடியில் உருண்டு போய்விட்டது.

நான் அலுமாரியைத் திறந்து புதியது ஒன்றை எடுத்து நீட்டினேன். என் கையைப் பார்த்தார்.

வாங்கினார். மிச்ச எழுத்தையும் எழுதி முடித்தார்.